உலோகத் தகட்டில் இறைவசனம்: எழுதியவர் பெயர் எங்கே?

கொடுங்கையூர், எருக்கஞ்சேரி, மூலக்கடை வட்டாரங்களில் அண்மைக் காலத்தில் கட்டி முடிக்கப்பட்ட நம்மவர் வீடுகளுள் நுழைந்தால், முன்கூடத்துச் சுவரில் ஒரு பொருள் பெரும்பாலும் கண்ணில் படும். நுண்ணிய கோடுகள் ஒரே திசையில் இழைக்கப்பட்ட வெள்ளி நிற உலோகத் தகடு; அதன்மேல் ஆயத்துல் குர்ஸியோ, நான்கு 'குல்' சூராக்களோ, அல்லாஹ்வின் திருநாமங்களோ அழகிய அரபு எழுத்தில் பதிக்கப்பட்டிருக்கும். விளம்பரப் பலகை செய்யும் கடைக்காரர்கள் அந்தத் தகட்டை 'ஹேர்லைன் ஷீட்' என்று அழைக்கின்றனர். வீடு குடிபுகும் நாளிலும் நிக்காஹ் வைபவத்திலும் அன்பளிப்பாகக் கொடுக்க, முன்பு கண்ணாடிச் சட்டமிட்ட காகிதப் படங்கள் இருந்த இடத்தை இன்று இத்தகடுகள் பிடித்துக்கொண்டுள்ளன.

அத்தகட்டில் இருப்பது அச்சுக்காரரின் கைத்திறன் அன்று. எங்கோ ஒரு நாட்டில், பல்லாண்டு பயிற்சி பெற்ற எழுத்தணிக் கலைஞர் ஒருவர் நாணல் பேனாவால் தாளில் எழுதியதன் நகல் அது. ஓவியங்களை நகலெடுத்து விற்பதை உலகம் கலை வணிகம் என்கிறது. நம் வீடுகளில் அவ்வணிகம் இறைவசனத்தின் வடிவில் நுழைந்திருக்கிறது. ஆயினும் நாம் பார்த்தவரையில், பத்துத் தகடுகளை எடுத்துக்கொண்டால் எழுதியவர் பெயருடன் இருப்பது ஒன்றுகூடத் தேறுவதில்லை. உலோகத்தில் எழுதுவதும், ஒருவர் எழுதியதை மற்றொருவர் நகலெடுப்பதும் நம் சமூகத்திற்குப் புதியவை அல்ல. அவற்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் எழுதியவரின் பெயருக்கும், நகலெடுப்பதற்கான அனுமதிக்கும் தனி மதிப்பு இருந்தது. அதையே இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தொடக்கத்திலிருந்தே வருவோம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அயல்நாட்டு அரசர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரை இல்லாத கடிதத்தை அவர்கள் படிக்கமாட்டார்கள் என்று தோழர்கள் எடுத்துரைத்தனர். ஆகவே வெள்ளியில் ஒரு மோதிரம் செய்யப்பட்டு, அதில் அவர்களது பெயரும் தூதுத்துவமும் மூன்று வரிகளாகச் செதுக்கப்பட்டன. ஹதீஸ் நூல்களில் பலரும் அறிந்த செய்தி இது. அதே அறிவிப்பில் வரும் மற்றொரு பகுதியை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அந்த வாசகத்தைப் போன்றே வேறு எவரும் தம் மோதிரத்தில் செதுக்கிக்கொள்ள வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அது முத்திரை, அதன் நகல் வெளியே உலவினால் எது மெய்யான கடிதம் என்பதில் குழப்பம் நேரும். உலோகத்தில் பொறித்த எழுத்தைப் பற்றி நம் மார்க்க நூல்களில் உள்ள மிகப் பழைய செய்திகளுள் ஒன்று, நகலெடுப்பதற்கான எல்லையையும் சேர்த்தே சொல்கிறது என்பது கருதத்தக்கது. அம்மோதிரம் பின்னர் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோர் கைகளில் இருந்து, இறுதியில் மதீனாவின் அரீஸ் கிணற்றில் விழுந்தது. மூன்று நாட்கள் தேடியும் கிடைக்கவில்லை.

அடுத்து நாணயங்கள். உமையா கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் ஹிஜ்ரி 77ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 696-97இல், உருவம் ஏதுமின்றி எழுத்து மட்டுமே கொண்ட பொன் தீனாரை வெளியிட்டார். ஏறத்தாழ 4.25 கிராம் எடை. அதன் ஒரு முகத்தில் கலிமாவும், மறுமுகத்தில் இக்லாஸ் சூராவின் சொற்களும் பொறிக்கப்பட்டிருந்தன. இரண்டாண்டுகளில் வெள்ளி திர்ஹமும் அவ்வாறே வந்தது. ஒரே அச்சுக்கட்டையிலிருந்து ஆயிரக்கணக்கில் அடிக்கப்பட்ட இறைவசனம்! அச்சு இயந்திரம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, உலோகத்தின்மேல் திருக்குர்ஆனின் சொற்கள் பெரும் எண்ணிக்கையில் நகலாகிக் கடைத்தெருவுக்கு வந்துவிட்டன.

வந்த உடனே வினாக்களும் எழுந்தன. ஒளு இல்லாதவர் தொடலாமா, கழிவிடத்திற்கு எடுத்துச் செல்லலாமா, பிற சமயத்தார் கையில் கொடுக்கலாமா என்றெல்லாம் மக்கள் கேட்டனர். ஹஜ்ஜாஜ் அடித்த திர்ஹம்களுக்கு 'மக்ரூஹா', அதாவது வெறுக்கப்பட்டவை, என்ற பெயரே வழங்கியதாக வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். அதில் இருந்த இறைவசனம் தூய்மையற்ற கைகளில் படும் என்பதால் அப்பெயர் வந்தது என்பர் சிலர். எடை குறைந்திருந்ததால் வந்தது என்பர் வேறு சிலர். எப்படியாயினும் நாணயம் நின்றுவிடவில்லை. மக்கள் பழகிக்கொண்டனர், மார்க்க அறிஞர்கள் தேவையின் அளவுக்குச் சலுகை தந்தனர். இன்று நம் பிள்ளைகள் தகடுகளைப் பற்றி வகுப்பில் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் அந்நாளிலேயே கேட்கப்பட்டவைதாம்.

உலோகக் கைவினைஞர்கள் தங்கள் பெயரைப் பொறிக்கத் தயங்கவில்லை. இராக்கின் மோசுல் நகரம் பித்தளையில் வெள்ளியிழை பதிக்கும் வேலைக்குப் பெயர்பெற்றது. அங்கு 1232இல் செய்யப்பட்ட ஒரு நீர்க்கெண்டி இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதைச் செய்தவர் ஷுஜா இப்னு மன்ஆ என்பதும், செய்த ஊரும் ஆண்டும் அதன் கழுத்திலேயே எழுதப்பட்டுள்ளன. கை கழுவ நீர் ஊற்றும் பாத்திரத்திற்கே அத்தனை பொறுப்பு! நம் தக்காணத்துப் பீதர் நகரின் பித்ரி வேலையும் இம்மரபின் கிளையே. துத்தநாகமும் செம்பும் கலந்த வார்ப்பில் வெள்ளியிழை பதித்து, பீதர் கோட்டை மண்ணைக் கொண்டு அதன் தளத்தைக் கருக்குவர். வெள்ளை எழுத்தும் கருந்தளமும் அவ்வாறே அமைகின்றன.

நகலெடுப்பதை ஒரு முறையான கலையாகவே வளர்த்தவர்கள் உதுமானியர்கள். இது சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. ஏனெனில் நம் வீட்டுத் தகடுகளில் உள்ள எழுத்துகளில் பெரும்பகுதி அவர்களது வழிவந்தவை.

பெரிய எழுத்துப் பலகை ஒன்றை உருவாக்க வேண்டுமானால், கலைஞர் முதலில் தாளில் எழுதித் திருத்தி முழுமை செய்வார். பிறகு அவ்வெழுத்தின் விளிம்பு நெடுகிலும் ஊசியால் நெருக்கமாகத் துளையிடுவார்கள். அத்தாளுக்குக் 'கலிப்' என்று பெயர். வார்ப்பு அச்சு என்று பொருள். அதைக் கருந்தளமிட்ட பலகைமேல் விரித்து, சுண்ணப்பொடி கட்டிய துணிமுடிப்பால் தட்டினால் துளைகளின் வழியே எழுத்தின் விளிம்பு புள்ளிகளாகப் பலகையில் இறங்கும். அப்புள்ளிகளுக்குள் பொன்மையை நிரப்புவர். ஒரே கலிப்பிலிருந்து பல பலகைகள் செய்யலாம். பள்ளிவாசல் கல்லிலும் நீரூற்றின் முகப்பிலும் செதுக்கலாம். பொன் பூசுபவர் வேறொருவராக இருப்பதும் உண்டு. ஆனால் கலைஞரின் கையொப்பம் கலிப்பிலேயே துளையிடப்பட்டிருப்பதால், எத்தனை நகல் எடுத்தாலும் அப்பெயர் எழுத்தோடு சேர்ந்தே பயணம் செய்தது.

அக்கையொப்பத்தின் மதிப்பு நம்மில் பலருக்குத் தெரியாது. மாணவர் ஒருவர் ஆசானிடம் பல ஆண்டுகள் எழுதிப் பழகி, இறுதியில் முன்னோர் எழுதிய பலகை ஒன்றைப் பார்த்து அவ்வாறே எழுதிக் காட்டுவார். ஆசான் அதன் அடியில் இஜாஸா எழுதித் தருவார். அந்த இஜாஸாவின் உட்பொருள், இனி 'இன்னார் எழுதினார்' என்று உன் பெயரை இடலாம் என்பதே. அதுவரையில் மாணவர் எவ்வளவு அழகாக எழுதினாலும் கையொப்பமிடும் உரிமை இல்லை. ஹதீஸ் அறிவிப்பில் ஸனது எனும் அறிவிப்பாளர் தொடர் எவ்வாறோ, எழுத்துக்கலையில் அக்கையொப்பமும் அவ்வாறே. அதை நீக்கினால் எழுத்து இருக்கும். அது யாரிடமிருந்து வந்தது என்பது அறுந்துவிடும்.

இம்மரபில் வந்த பேருரு ஒன்றைப் பலர் படங்களில் பார்த்திருப்பீர்கள். இஸ்தான்புல் அயா சோஃபியாவின் உள்ளே தொங்கும் எட்டு வட்டப் பலகைகள் அவை. சுல்தான் அப்துல் மஜீத் காலத்தில், 1847 முதல் 1849 வரை நடந்த சீரமைப்பின்போது காளி அஸ்கர் முஸ்தஃபா இஸ்ஸத் எஃபெந்தி (1801-1876) எழுதியவை. ஒவ்வொன்றும் ஏழரை மீட்டர் குறுக்களவு. பச்சைத் தளத்தில் பொன் எழுத்து. அல்லாஹ், முஹம்மது (ஸல்), நான்கு கலீஃபாக்கள், ஹசன் (ரலி), ஹுசைன் (ரலி) என எட்டுப் பெயர்கள். 1930களில் அக்கட்டடம் அருங்காட்சியகமாக மாற்றப்பட்டபோது பலகைகளை இறக்கினர்; ஆனால் வெளியே எடுத்துச் செல்ல முடியவில்லை, வாசல்களைவிடப் பலகைகள் பெரியவை. உள்ளேயே ஓரமாகச் சாய்த்துக் கிடந்து, 1949இல் மீண்டும் மேலே ஏற்றப்பட்டன. நம் ஊர்க் கடையில் ஒன்றரை அடி வட்டத் தகடாக அவற்றின் நகல்கள் கிடைக்கின்றன. முஸ்தஃபா இஸ்ஸத் என்ற பெயரைக் கடைக்காரர் கேள்விப்பட்டதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

ஐரோப்பாவில் 1790களின் இறுதியில் செனஃபெல்டர் கண்டறிந்த கல்லச்சு முறை, முஸ்லிம் உலகிற்கு ஈய எழுத்து அச்சைவிட உவப்பாக இருந்ததற்கு எளிய காரணம் உண்டு. ஈய எழுத்தில் அரபு எழுத்துகள் ஒன்றோடொன்று இணையும் நயம் கெட்டுவிடும். கல்லச்சிலோ எழுத்தரின் கையெழுத்து அப்படியே தாளில் இறங்கும். நம் அர்வி நூல்கள், அதாவது அரபு எழுத்தில் அமைந்த தமிழ் நூல்கள், பெரும்பாலும் இம்முறையில்தான் வந்தன. எழுதிய காத்திபின் பெயரை நூலின் கடைசிப் பக்கத்தில் இடுவது அக்கால வழக்கம்.

இதே வழக்கம் நம் சென்னையிலேயே நெடுங்காலம் உயிரோடு இருந்தது. திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில், வாலாஜா பள்ளிவாசலுக்கு அருகே, 'முசல்மான்' என்னும் உருது நாளிதழை 1927இல் சையத் அஸ்மத்துல்லாஹ் தொடங்கினார். சென்னைக் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமையேற்க வந்த டாக்டர் அன்சாரி அதைத் தொடங்கி வைத்தார். கணினி எங்கும் பரவிவிட்ட பின்னரும் காத்திபுகள், அவர்களுள் பெண்களும் உண்டு, பேனாவால் பக்கங்களை எழுதிவந்தனர். எழுதிய பக்கத்தைப் படமெடுத்து, அப்படத்தைத் தகட்டில் ஏற்றி, தகட்டிலிருந்து தாளில் அச்சிடுவர். ஆஃப்செட் அச்சின் தகடு அலுமினியத்தால் ஆனது; நீரைப் பிடித்து வைப்பதற்காக அதன் மேற்பரப்பு நுண்ணிதாகச் சொரசொரப்பாக்கப்படும். ஆகக் கையெழுத்து அலுமினியத் தகட்டில் ஏறுவது இம்மாநகரில் தினசரி நிகழ்ச்சியாகவே இருந்திருக்கிறது. அங்கே தகடு இடைத்தரகர். தாளுக்கு எழுத்தைக் கொடுத்துவிட்டு விலகிவிடும். இன்றைய சுவர்த் தகட்டில் எழுத்து தகட்டிலேயே தங்கிவிடுகிறது. வேறுபாடு அவ்வளவே.

ஓவிய நகல்கள் இந்திய வீடுகளுக்குள் பெருமளவில் நுழைந்தது ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் நிறுவிய அச்சகத்தின் வழியாக என்பதை அறிவோம். பின்னர் சிவகாசியின் நாட்காட்டி அச்சகங்கள் எல்லாச் சமயத்தாருக்கும் படம் வழங்கின. நம் வீடுகளுக்கு வந்தவை கஅபா, மதீனாவின் பச்சைக் குவிமாடம், நாகூர் மினாராக்கள். அக்குவிமாடம் பச்சை நிறம் பெற்றதே 1837இல்தான் என்பதைப் பலர் அறியார்.

இப்படங்களின் கதையில் ஒரு வருத்தமான செய்தி உண்டு. இரு புனித நகரங்களை முதலில் படமெடுத்தவர் எகிப்தியப் படையின் பொறியாளர் சாதிக் பே. மதீனாவை 1861இலும் மக்காவை 1880ஐ ஒட்டியும் படமெடுத்தார், பெயரும் பெற்றார். ஆனால் மக்காவில் பிறந்தே படக்கலை கற்ற முதல்வர் ஒருவர் இருந்தார்: அப்துல் கஃப்பார் என்ற மருத்துவர். ஸ்னூக் ஹுர்க்ரோன்யே என்னும் டச்சு அறிஞர் 1885இல் மக்காவில் தங்கியபோது இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. டச்சுக்காரர் நகரைவிட்டு வெளியேற்றப்பட்ட பின், மருத்துவர் ஹாஜிகளையும் ஹரமையும் படமெடுத்து அவருக்கு அனுப்பினார். படங்களின் அடியில் அரபியில் தம் கையொப்பத்தையும் இட்டிருந்தார். 1889இல் லெய்டனில் அவை தொகுப்பாக வெளிவந்தபோது அக்கையொப்பங்கள் நீக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்தே ஆய்வாளர்கள் அவர் பெயரை மீட்டெடுத்தனர். அயலார் செய்ததைக் கண்டு நாம் மனம் வருந்துகிறோம், அது சரியே. ஆனால் நம் தெருக் கடையின் கணினியில் ஒரு கலைஞரின் கையொப்பம், 'டிசைனுக்கு இடைஞ்சல்' என்று அழிக்கப்படும்போது நாமும் பக்கத்தில் நின்று தலையசைக்கிறோம்.

இனி, தகட்டுக்கு வருவோம். அலுமினியம் நம் நாட்டில் தொழிலாக வேரூன்றியது இந்தச் சென்னையில்தான் என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கும். அதுவும் ஒரு கலைப்பள்ளியில். பெரியமேட்டுக்கு அருகே இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்கும் நிறுவனத்தை, அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கினார். அதன் பொறுப்பில் பின்னர் இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், 1898இல் அங்கு அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார். செம்புக்கும் பித்தளைக்கும் ஈயம் பூசவேண்டும், அலுமினியத்திற்கு வேண்டா. மக்கள் வாங்கத் தொடங்கினர். ஐந்தாண்டுகளில் தொழில் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படும் அளவுக்கு வளர்ந்தது. 1960களில் சேர்வராயன் மலைப் பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் உலோகமே உருக்கி எடுக்கப்பட்டது.

தகட்டில் படம் பதிப்பதும் படிப்படியாக வந்த வித்தை. 1875இல் ராபர்ட் பார்க்லே என்ற ஆங்கிலேயர் கல்லச்சின் மையைத் தகரத்திற்கு மாற்றும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். பிஸ்கட் டின்களும் தகர விளம்பரங்களும் அதன் பிள்ளைகள். ஆஃப்செட் முறையே அங்கிருந்துதான் கிளைத்தது. 1920களில் அலுமினியத்தின் மேல் மின்சாரத்தால் ஆக்சைடு படலம் வளர்க்கும் 'அனோடைசிங்' முறை வந்தது. அப்படலம் நுண்துளைகள் கொண்டது. சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும், கொதிநீரில் இட்டால் துளைகள் மூடிச் சாயம் உள்ளேயே தங்கும். 1957இல் பிரான்சில் நோயல் த பிளாஸ் என்பவர், சில சாயங்கள் சூட்டில் உருகாமல் நேரே ஆவியாகி மற்றொரு பரப்பில் புகுவதைக் கவனித்தார். இன்று கோப்பையிலும் சட்டையிலும் படம் பதிக்கும் 'சப்ளிமேஷன்' முறையின் பிறப்பு அது.

நம் வட்டாரக் கடைகளில் நடப்பதும் இதுவே. படத்தை இடவலமாகத் திருப்பிக் காகிதத்தில் அச்சிட்டு, மேற்பூச்சு இட்ட தகட்டின்மேல் கவிழ்த்து, ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் அழுத்துவர். சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள் புகும். இம்முறையில் வெள்ளைச் சாயம் இல்லை. ஆகவே மூலத்தில் தாள் வெண்மையாக இருந்த இடமெல்லாம் தகட்டின் உலோக நிறமே தெரியும். பழந்தாளின் இளமஞ்சள், மையின் அடர்த்தி மாறும் இடங்கள், பேனா திரும்பிய தடம் ஆகியவை ஹேர்லைன் கோடுகளுக்கிடையே மங்கிவிடும். புற ஊதா ஒளியில் மையை உலரவைக்கும் இயந்திரம் உள்ள கடைகளில் வெள்ளையும் அடிக்கலாம், செலவு கூடும். உலோகப் பளபளப்பு எழுத்துக்குக் கூடுதல் அழகு என்பது பலரின் கருத்து. நமக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. திண்ணிய ஜலீ எழுத்துக்குத் தகடு பொருந்துகிறது. மெல்லிய நஸ்தஅலீக்கிற்குக் காகிதமே உகந்தது.

அலுமினியம் மலிவான உலோகம், அதில் இறைவசனமா என்று முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு ஒரு செய்தி. மன்னர் அப்துல் அஸீஸ் காலத்தில், 1940களில் கஅபாவுக்குப் பொருத்தப்பட்ட கதவின் அடித்தளம் அலுமினியமே. அதன் முகப்பில் பொன்முலாமிட்ட வெள்ளித் தகடுகளும் அல்லாஹ்வின் திருநாமங்களும் இருந்தன. இன்றுள்ள பொற்கதவு 1979இல் வந்தது. அதற்கு 280 கிலோ பொன். அதைச் செய்தவர் அஹ்மத் இப்னு இப்ராஹீம் பத்ர் என்பதும், எழுதியவர் அப்துர் ரஹீம் புகாரி என்பதும் மறைக்கப்படவில்லை. நம் வீடுகளில் ஓதப்படும் மதீனா முஸ்ஹஃபும் அவ்வாறே. அதை எழுதியவர் சிரியாவின் உஸ்மான் தாஹா. அவருக்கு இஜாஸா தந்தவர் துருக்கியின் பேராசான் ஹாமித் அல்ஆமிதி. ஸனது அறுபடவில்லை.

நம் கடைத்தெருவில் நடப்பது என்ன? இணையத்திலிருந்து ஒரு படம் எடுக்கப்படுகிறது. கையொப்பம் வெட்டப்படுகிறது; சில வேளை அவ்விடத்தில் அன்பளிப்பு அளிப்பவரின் பெயரும் கடையின் தொலைபேசி எண்ணும் ஏறுகின்றன. இது சட்டப்படியும் சரியன்று. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் கலைஞரின் ஆயுளுக்கும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளுக்கும் அவரது படைப்பைக் காக்கிறது. ஹாமித் அல்ஆமிதி மறைந்தது 1982இல், கணக்கிட்டுப் பாருங்கள். மார்க்கமும் இதில் மௌனமாக இல்லை. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நூலாசிரியர் உரிமை, கண்டுபிடிப்பு உரிமை போன்றவை ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்ட உரிமைகள், அவற்றை மீறக்கூடாது என்று தீர்மானித்தது. இறைவசனம் எவருக்கும் சொந்தமன்று, உண்மை. அதை எழுதிய கைவண்ணம் ஒருவருடைய உழைப்பு.

பெயர் போவதைவிடக் கொடியது பிழை நேர்வது. அரபு எழுத்தைக் கையாளத் தெரியாத மென்பொருளில் தட்டச்சு செய்தால் எழுத்துகள் இணையாமல் தனித்தனியே, இடமிருந்து வலமாக அமர்ந்துவிடும். காகிதத்தில் திருப்பி அச்சிட மறந்தால் முழு வசனமும் கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழாகும். படத்தைத் துப்புரவாக்குகிறேன் என்று புள்ளிகளை அழித்துவிடுவதும் உண்டு. 'பா'வும் 'தா'வும் 'யா'வும் புள்ளியால் மட்டுமே வேறுபடுகின்றன என்பதை நாம் முதல் வகுப்பில் கற்பிக்கிறோம். அன்பளிப்பாக வந்த தகடுகளை நம் மத்ரஸாவின் மூத்த மாணவர்களிடம் கொடுத்து எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்வது நம் வழக்கம். அலங்கார எழுத்தைப் படிக்க அதைவிட நல்ல பயிற்சி இல்லை. பிழை பிடிபடுவதும் அப்போதுதான். ஆகவே தகடு செய்யக் கொடுப்பவர்கள் மாதிரிப் படத்தை ஓர் ஆலிமிடம் காட்டிய பின்னரே அச்சுக்கு ஒப்புதல் தருக. கையொப்பம் எங்கே என்றும் கடைக்காரரைக் கேளுங்கள். இரண்டு முறை கேட்டால் மூன்றாம் முறை அவரே வைத்துவிடுவார்.

சுவரில் மாட்டுவதே தகுமா என்ற கேள்விக்கும் விடை சொல்லவேண்டும். வடசென்னையில் ஷாஃபியீக்களும் ஹனஃபீக்களும் ஒரே தெருவில் வாழ்கிறோம். ஷாஃபியீ மத்ஹபின் இமாம் நவவீ (ரஹ்), சுவர்களிலும் ஆடைகளிலும் திருக்குர்ஆனைப் பொறிப்பது மக்ரூஹ் என்கிறார்கள். ஹனஃபீ அறிஞர் இப்னுல் ஹுமாம் (ரஹ்) நாணயம், மிஹ்ராப், சுவர், விரிப்பு ஆகியவற்றில் எழுதுவதை விரும்பவில்லை. இவர்கள் அஞ்சியது மதிப்புக் குறைவை: சுவர் இடியும், எழுத்து உதிரும், காலில் படும். கழற்றி எடுக்கக்கூடிய தகட்டில் அந்த அச்சம் குறைவு என்று கருதிப் பிற்காலத்தார் பலர் இசைந்தனர், இசையாதவரும் உள்ளனர். இதில் ஒருவரையொருவர் பழிக்க இடமில்லை. எனினும் கழிவறைச் சுவருக்கு மறுபுறம், காலணி அலமாரிக்கு மேல், ஆளுயரத்திற்குத் தாழ்வாக மாட்டியிருப்பதை எந்த மத்ஹபும் ஏற்காது.

அந்த அச்சம் முற்றிலும் நீங்கிவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. சென்னையில் பழைய உலோகக் கடைக்குக் 'காயலான் கடை' என்று பெயர். காயல்பட்டினத்து வணிகர்களால் வந்த பெயர் என்று சொல்லப்படுகிறது. அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 300 ஏக்கருக்கும் மேற்பட்ட குப்பைக் கிடங்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழும் கொடுங்கையூர்க்காரர்களுக்கு, வீட்டைவிட்டு எறியப்படும் எந்தப் பொருளும் எங்கே போய்ச் சேரும் என்பது நன்றாகத் தெரியும். கிழிந்த முஸ்ஹஃபின் தாளுக்கு நம் முன்னோர் வழி காட்டிச் சென்றனர். உஸ்மான் (ரலி) அவர்கள் எரிக்கச் செய்த முன்மாதிரி ஒன்று. தூய துணியில் சுற்றி, கால் படாத இடத்தில் புதைப்பது ஹனஃபீக்கள் கூறும் வழி. தகடு எரியாது, மண்ணில் மக்காது. புதைத்தால் என்றேனும் கடப்பாரையில் சிக்கி எழுத்தோடு மேலே வரும்.

ஆதலால் எழுத்தை முதலில் நீக்கவேண்டும். நாணயத்திற்கும் மைக்கும் பழைய அறிஞர்கள் சொன்னது அதுவே: எழுத்து அழிந்துவிட்டால் எஞ்சுவது வெறும் பொருள். சப்ளிமேஷன் தகட்டில் எழுத்து மேற்பூச்சில்தான் இருக்கிறது. கரடுமுரடான உப்புத்தாளைக் கொண்டு தேய்த்தால் பூச்சோடு போய்விடும். புற ஊதா மை அடித்தது இன்னும் எளிது, சுரண்டினாலே வரும். அனோடைஸ் செய்த தகட்டிற்குப் பட்டறையில் காஸ்டிக் சோடா நீரில் முக்குவர். அதை வீட்டில் முயல வேண்டா. லேசரால் வெட்டிய ஸ்டீல் எழுத்தாக இருந்தால் கத்தரித்தோ வளைத்தோ சொல் உருவத்தைக் கலைத்துவிட வேண்டும். தேய்த்த தூளைத் தண்ணீரில் கரைத்து விடாமல் துணியில் ஒற்றி எடுத்துப் புதைத்துவிடலாம். வட்டாரத்தில் ஒரு பள்ளிவாசலேனும் இதற்கென ஒரு பெட்டி வைத்து, ஆண்டுக்கு இருமுறை மாணவர்களைக்கொண்டு இவ்வேலையைச் செய்தால் நலம். பழைய முஸ்ஹஃபுகளுக்குப் பெட்டி வைக்கிறோம் அல்லவா, அதன் பக்கத்திலேயே வைக்கலாம். எழுத்து நீங்கிய தகட்டைக் காயலான் கடைக்காரர் எடை போட்டு வாங்கிக்கொள்வார். புதிதாக உருக்கி எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கே போதும், அது மீண்டும் அலுமினியமாகிவிடும்.